எட்டாயிரத்து இருநூறு சுற்று

காதுக்காரரைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டு வகை. காது இருக்கிறவர்கள் ஒன்று. தலையைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்திருக்கிறவர்கள் இன்னொன்று. முதல் வகையில் அவரைத் தவிர வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கைப்பிடிக்காரன். அவர் வீட்டுக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்த அறையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். பற்றவைக்கிற புகை சட்டையிலேயே தங்கிப்போனதால் அவர் எனக்கு வைத்த பெயர் கருகல். அம்மா வைத்த பெயரை இப்போது தெருவில் யாரும் சொல்வதில்லை. அவர் ஒரு பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வாய்.

மாடியில் மூன்று அறை. முன்னறையில் அவர். ஒரு நாற்காலி, ஒரு ஆம்ப், சுவரில் நான்கு கிட்டார். வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள், உட்காரச் சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. நடுவில் சமையலறை. பின்னறையில் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். அந்த வீட்டில் வேலை என்று ஏதாவது நடந்ததென்றால் அது பின்னறையில் நடந்ததுதான்.

மின்சார கிட்டாருக்குக் குரல் அதன் பிக்கப்பில் இருந்து வருகிறது. தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் விரல் நீளப் பெட்டி. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைப் பெரிதாக்கும். எத்தனை சுற்று, என்ன காந்தம், எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து ஒரே கிட்டார் கொஞ்சவும் செய்யும், திட்டவும் செய்யும்.

சுற்றுவது அண்ணி. முதலில் கையால் சுற்றும் சக்கரம், பிறகு பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து நான் செய்து கொடுத்த இயந்திரம். பக்கத்தில் சுற்றுகளை எண்ணுகிற சின்ன மீட்டர். வலது கால் பெடலில் இருக்கும். கம்பி இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடும். இறுக்கிப் பிடித்தால் அறும். தளர விட்டால் சுருள் தொளதொளத்துப் பிறகு ஆம்பில் கீச்சிடும். ஏழாயிரம் சுற்றுக்கு மேல் போய் அறுந்தால் எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்துவிட்டு மறுபடி ஒன்றில் இருந்து. மழைக்காலத்தில் விரல் பிசுபிசுக்கும் என்று முகப்பவுடரைத் தடவிக்கொள்வார். சுற்றி முடித்ததை உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார். அந்த வீட்டு ரொட்டியில்கூட மெழுகு வாசனை அடிக்கும். இப்படி முப்பது வருஷம். அடியில் ஒட்டுகிற சீட்டில் கையெழுத்து மட்டும் காதுக்காரருடையது.

காதுக்காரரின் வேலை, காதால் கேட்பது. அண்ணி கொண்டுவந்து கொடுத்ததைச் சோதனைக் கிட்டாரில் மாட்டி, வந்திருப்பவர் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரு வார்த்தை. "சரி." அல்லது "தூக்கிப் போடு."

ஒரு காலத்தில் அந்தக் காது உண்மையாகவே பெரிய காதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. மேடைகளில் ஒலி பார்க்கிறவராக இருபது வருஷம் இருந்தவர். எந்த ஸ்பீக்கரில் எந்தக் கூம்பு கிழிந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்வார். அந்த இருபது வருஷமும் டிரம்மருக்குப் பக்கத்தில் நின்றதன் விலை என்னவென்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வாங்க வருகிறவர்களிடம் அவர் பேசுவதைக் கேட்கவே நான் வேலையைப் போட்டுவிட்டு மேலே போனதுண்டு. ஒருமுறை வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல கிட்டார், ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறவர்.

"என்ன மாதிரி சத்தம் வேணும்?"

"இனிமையா இருக்கணும் சார்."

"இனிமை வேணும்னா மூலைக் கடையில சர்க்கரை வாங்கிட்டுப் போங்க. இங்க எதுக்கு மாடி ஏறி வந்தீங்க?"

வங்கிக்காரர் சிரித்துப் பார்த்தார். காதுக்காரர் சிரிக்கவில்லை.

"இந்தாங்க, இது சிங்கிள் காயில். ஒரே சுருள். தரையில ஸ்பூன் விழுந்தா எப்படிக் கணீர்னு கேக்கும்? அது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா நிக்கும். ஒளிஞ்சுக்க எடம் கெடையாது, நீங்க தப்பா வாசிச்சா தெருவுக்கே தெரியும். அதோட பின்னாடி ங்ங்ங்னு ஒரு இரைச்சல் எப்பவும் இருக்கும். லைட்டு, ஃபேன், ஒயரு, எல்லாத்தோட வம்பையும் காதுல வாங்கற ஜென்மம்."

"அந்த இரைச்சல் இல்லாம..."

"இருக்கு. ஹம்பக்கர். ரெண்டு சுருள், ஒண்ணுக்கொண்ணு எதிரா. இது வாங்கற இரைச்சல அது அடிச்சிடும், தந்தியோட சத்தம் மட்டும் ரெண்டு மடங்கா வரும். தடிமனா, வயிறு முட்டச் சாப்ட்டவன் பேசற மாதிரி. தப்பெல்லாம் கொழுப்புக்குள்ள மறைஞ்சிடும். உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் கண்டுபிடிச்சான்."

"பி நைன்டின்னு ஒண்ணு சொல்றாங்களே சார்?"

"யாரு சொல்றாங்க? படிச்சிட்டு வந்துட்டீங்க. அதுவும் ஒத்தச் சுருள்தான், ஆனா அகலம், சுத்து ஜாஸ்தி. தொண்டை கட்டினவன் கோவத்துல கத்தற மாதிரி, நடுவுல ஒரு கரகரப்பு. ஸ்பூனும் இல்ல, வயிறும் இல்ல. இரைச்சலும் உண்டு. அத வாசிக்க மனசுல கொஞ்சம் அழுக்கு வேணும். உங்களுக்கு எங்க இருக்கப் போகுது?"

"அப்போ எது சார் பெஸ்ட்?"

காதுக்காரர் என்னைப் பார்த்தார். "கேட்டியாடா கருகல்? எது பெஸ்ட்டாம். கத்தி பெஸ்ட்டா, கரண்டி பெஸ்ட்டான்னு கேக்க ஒரு ஆளு கிட்டார் வெச்சிருக்காரு."

வங்கிக்காரர் ஹம்பக்கர் இரண்டு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவமானப்பட்டுத் திரும்பினால்தான் நல்ல சாமான் வாங்கிய திருப்தி என்று ஆகிவிட்டிருந்தது ஊரில். அவ்வளவு பேரும் முட்டாள்கள். நானும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சிங்கிள் காயிலைக் கேட்டுவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார்: "மந்தமா இருக்கு."

அண்ணி எப்போதும் எட்டாயிரத்து இருநூறு சுற்று வைப்பார். சுற்றைக் குறைத்தால் சத்தம் மெலியும், கூர்மை ஏறும். கூட்டினால் சத்தம் பருத்து மங்கும். இவர் ஏழாயிரத்து அறுநூறு ஆக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் ஏழாயிரம். பிறகு ஆறாயிரம், கூடவே கடுமையான காந்தம். ஆறாயிரத்தைக் கிட்டாரில் மாட்டி வாசித்தால் கண்ணாடியை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்பத்தான்டா உயிர் வந்திருக்கு" என்பார்.

அடுப்பில் குக்கர் நான்காவது விசில் அடித்துக்கொண்டிருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சாமான்கள் திரும்பி வரத் தொடங்கின. "காது குத்துது சார்" என்று சொன்னவர்களை அவர் படியிறக்கி விட்டார். "காது குத்தற வயசு தாண்டிடுச்சே உனக்கு" என்று ஒருவனிடம் சொன்னார். அண்ணி அவரிடம் ஒரே ஒருமுறை சொன்னதாக எனக்குத் தெரியும். "கொஞ்சம் கூர் அதிகமா இருக்குங்க. டாக்டர் ஒருத்தரப் பாத்து..." என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் சொன்னது எனக்குக் கீழே கேட்டது:

"நீ சுத்தறவ. கேக்கறவன் நான். உன் வேலை விரல்ல. தலைக்கு ஏத்திக்காத."

மறுநாள் அண்ணி ஒரு கையில் தேநீரும் இன்னொரு கையில் இரண்டு பிக்கப்புமாக என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"தம்பி, இத உங்க ஆம்புல போட்டுக் கேளுங்க. எட்டாயிரத்து இருநூறு. அப்புறம் இது அவர் சொன்ன ஆறாயிரம்."

கேட்டேன். சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று பேச்சு, ஒன்று கூச்சல்.

"உங்களுக்கும் அப்படித்தானே இருக்கு? எனக்குத்தான் தப்பா கேக்குதோன்னு ரெண்டு நாளா தூங்கல."

அன்றிலிருந்து விற்பனைக்குப் போனதெல்லாம் அண்ணியின் கணக்கு. காதுக்காரருக்குக் காட்ட மட்டும் ஒரே ஒரு ஆறாயிரம் சுற்றுப் பிக்கப்பைத் தனியாக வைத்துக்கொண்டார். வாரா வாரம் அதைத் துடைத்து, புது உறை போட்டு, "புதுசு" என்று கொடுப்பார். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டு, "சரி" என்பார். ஒரே சாமானைத் தொடர்ச்சியாகப் பதினோரு வாரம் பாராட்டினார். ஒரு தடவை, அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்த வாரம், "இதுல உயிரே இல்ல, தூக்கிப் போடு" என்றார். அண்ணி கீழே வந்து என்னிடம் அதைச் சொன்னபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கும் ஒரு தேநீர் கிடைத்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. காதுக்காரர் அவற்றை வாசலுக்கு எதிரே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

போன மழைக்காலத்தில் அண்ணியின் தங்கைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. பத்து நாள் அண்ணி ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். காதுக்காரர் அந்தப் பத்து நாளும் பன்னும் அவித்த முட்டையும் தின்று, அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் என்னிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, அதிலும் குறை சொன்னார். அந்த நாட்களில் ஒரு ஆர்டர் வந்தது. பாட்டுப் பதிவுகளுக்கு வாசிக்கிற ஒரு பெண். குட்டை முடி, நாற்பது வயதிருக்கும், எல்லோரும் மேடம் என்பார்கள். போன வருஷம் வாங்கிய மாதிரியே இன்னொரு கிட்டாருக்கும் மூன்று சிங்கிள் காயில் வேண்டும் என்று ஃபோன் செய்தார். காதுக்காரர் பின்னறைக்குப் போய் இழுப்பறைகளைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் அவர் சொன்னபடி சுற்றி, விற்காமல் அண்ணி ஒதுக்கி வைத்திருந்த ஆறாயிரம் சுற்றுச் சாமான்கள் ஒரு மூலையில் கிடந்தன. கையெழுத்துப் போட்டு அவரே பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்.

அண்ணி திரும்பி வந்து இழுப்பறையைப் பார்த்ததும் படியிறங்கி ஓடி வந்தார். "தம்பி, மோசம் போச்சு" என்றார். அதற்குள் பொட்டலம் போய்ச் சேர்ந்திருந்தது.

மேடம் வந்த அன்று மதியம் நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு கிட்டார் பெட்டியையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்து என் அறையில் இறக்கினார்.

"மாடிக்குத் தூக்க முடியல. சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

காதுக்காரர் இறங்கி வந்தார். "சொல்லுங்க மேடம். மழையில நனைஞ்சு பாராட்ட வந்தீங்களா?"

"இல்ல சார். புதுசா அனுப்பினது சரியா இல்ல. ரெக்கார்டிங்ல ஹெட்ஃபோன் போட்டவங்க எல்லாரும் கழட்டி வெச்சுட்டாங்க."

"ஹெட்ஃபோன மாத்தச் சொல்லுங்க."

"சார், நான் சண்டைக்கு வரல. ரெண்டு கிட்டாரும் கொண்டுவந்திருக்கேன். ஒண்ணுல போன வருஷம் உங்ககிட்ட வாங்கினது, ஒண்ணுல இப்ப வந்தது. நீங்களே கேளுங்க."

"வாசிங்க. எது எதுன்னு சொல்லாதீங்க. கண்ணு தெரியாதவன் தொட்டுப் பாக்கற மாதிரி நான் கேட்டுச் சொல்றேன்." என் ஸ்டூலை இழுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மேடம் முதலில் புதியதை வாசித்தார். நாலே ஸ்வரம். என் பல் கூசியது. பிறகு பழையது, அதே நாலு ஸ்வரம். மழைச் சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு வந்து நின்றது.

காதுக்காரர் திரும்பாமலே சிரித்தார். "முதல்ல வாசிச்சது என்னோடது. உயிர் இருக்கு. ரெண்டாவது எவனோ திருட்டுப்பய என் பேரைப் போட்டு வித்திருக்கான். கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசற மாதிரி. இதக் கேக்க ஒரு வருஷமாயிடுச்சா மேடம் உங்களுக்கு? இத வெச்சா பாட்டெல்லாம் பதிவு பண்றீங்க?"

மேடம் பழைய கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தி, முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, பிக்கப்பின் அடியைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே சார்?"

"கையெழுத்த எவன் வேணா போடுவான்."

அண்ணி எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றிருந்தார், கைவிரல்களில் மெழுகு.

"அது திருட்டு இல்ல. நான் சுத்தினது."

"எல்லாம் நீதான் சுத்தற. அதுக்கென்ன இப்போ?"

"நீங்க சொன்ன கணக்கு இல்ல. என் கணக்கு. ஒரு வருஷமா வெளிய போனது எல்லாம் என் கணக்குதான். நீங்க வாரா வாரம் சரின்னு சொன்னீங்களே, அது ஒரே சாமான். துடைச்சுத் துடைச்சுக் கொடுத்தேன்."

காதுக்காரர் முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி இளித்தார்.

"கேட்டீங்களா மேடம்? கொழம்புக்கு உப்புப் போடறவ கணக்குச் சொல்றா. உப்புச் சரியா இருந்தாலாவது பரவாயில்ல." என் பக்கம் திரும்பினார். "டேய் கருகல், உன் விசில் பெட்டிய எடு. யாருக்குக் காது இருக்குன்னு இப்பவே பாத்துடலாம்."

ஆம்ப் சோதிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஒரே சீரான விசில் வரும். குமிழைத் திருப்பத் திருப்ப விசில் மேலே ஏறும், நொடிக்கு எத்தனை அதிர்வு என்று முள் காட்டும். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"வேணாம்," என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "விடுங்க. மேல போலாம், வாங்க."

"பயமா? போடுடா."

"அண்ணே, இன்னொரு நாள்..."

"போடுங்கறேன்ல!"

போட்டேன். ஆயிரத்தில் தொடங்கினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாயிரம். விரல் நின்றது. இரண்டாயிரத்து ஐந்நூறு. மூவாயிரத்தைத் தாண்டியதும் விரல் மெல்ல இறங்கி முழங்காலில் அமர்ந்தது. நான் குமிழை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இருபது வருஷமாக என்னைக் கருகல் என்று கூப்பிட்டதெல்லாம் என் விரலுக்குள் இருந்தது. நான்காயிரம், ஐந்தாயிரம், ஆறாயிரம். சத்தத்தையும் கூட்டினேன். மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எதிர்க்கடை நாய் எழுந்து குரைத்தது.

காதுக்காரர் சுவரைப் பார்த்தபடியே ஏளனமாகச் சொன்னார்: "என்னடா, நிறுத்திட்டியா? அவ்வளவுதானா உன் பெட்டி?"

திரும்பினார். காதைப் பொத்தியிருந்த மேடத்தைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்த அண்ணியைப் பார்த்தார். குமிழின் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். அப்புறம்தான் நான் அணைத்தேன்.

அவர் எழுந்து மாடிப்படி ஏறிப் போனார். ஒரு படி தவறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் புதிய கிட்டாரை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தார். "இதுக்கு உங்க கணக்குல மூணு சுத்திக் குடுங்க, அக்கா. அவசரமில்ல." மழை விடுவதற்குக்கூடக் காத்திருக்காமல் போய்விட்டார்.

நான்கு நாள் மேலே பேச்சே கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, கடை திறந்ததும் காதுக்காரர் வந்தார். சவரம் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், இந்த முறை என்னைப் பார்த்து.

"உன் பெட்டி ரிப்பேரா இருக்கும். மறுபடி போடு."

போட்டேன். மூவாயிரத்து இருநூறுக்கு மேல் அவர் முகத்தில் எதுவும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"எப்படி இருக்கு?"

"பல்லு கூசுது."

தலையாட்டினார். ஏதோ விலை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்கிறவர் மாதிரி. நான் அணைத்தேன்.

"உனக்கு எவ்வளவு நாளா தெரியும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"செருப்பக் கழட்டியிருப்பேன்."

"அதான் சொல்லல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் அன்றைக்குத்தான் அது சரியான இடத்தில் விழுந்தது.

"அவ கோவத்துல செஞ்சா. அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. நீ டீக்கு செஞ்ச. இருபது வருஷமா பக்கத்துல இருந்து ஓசி டீ குடிச்சிட்டு, ஒருத்தன் செவிடாறத வேடிக்கை பாத்து சிரிச்சிருக்க. காது இருந்து என்னடா பிரயோஜனம் உனக்கு?"

கதவைத் திறந்துகொண்டு போனார். அவரைக் கேவலமாக நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அவ்வளவு நாளும் அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் மேடத்தின் கிட்டாருக்கு ஒயர் பற்றவைக்க அண்ணி என்னைக் கூப்பிட்டார். சமையலறை மேஜையில் அண்ணியும் காதுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தட்டு வைத்தார் அண்ணி. உட்காராமல் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

காதுக்காரர் தட்டைப் பார்த்தபடி பேசினார். "பரிதாபப்பட்டு செஞ்சேன்னு சொல்லு. அதையும் கேட்டுக்கறேன்."

"பரிதாபமா? யாரு சொன்னா?" அண்ணி ரொட்டியைப் பிய்த்தார். "மொத மாசம் கொஞ்சம் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு அந்த ஒரே சாமானுக்கு 'சரி'ன்னு சொல்றப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு வாரமும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். முப்பது வருஷத்துல எனக்குன்னு கெடச்ச ஒரே வேடிக்கை அதுதான். என்ன மாதிரி பொம்பள ஆயிட்டேன்னு நானே யோசிச்சிருக்கேன். ஆனா நிறுத்தல."

அவர் நிமிர்ந்தார். கோபம் வரும் என்று நான் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினேன். கோபம் வரவில்லை.

"சரி. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனிமே நீயே சுத்து, நீயே கேளு, நீயே கையெழுத்தும் போட்டுக்க. நான் எதுக்கு?"

"நான் கேக்கறேன். கையெழுத்தும் போட்டுக்கறேன். சுத்தறதுக்கு ஆள் வேணும்."

"யாரு?"

"கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய், இயந்திரத்துக்கு முன்னால் இருந்த ஸ்டூலைத் துடைத்துவிட்டு, தான் ஜன்னலோரம் சோதனைக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். ஈரக் கையோடு நின்றார்.

"துடைங்க. பவுடர் போடுங்க. இவ்வளவு இல்ல, மாவா பிசையப் போறீங்க?"

இருநூறு சுற்றில் கம்பி அறுந்தது. மறுபடி. நாற்பதில் அறுந்தது. மறுபடி. "பெடல மிதிக்காதீங்க, அது எலி இல்ல. அழுத்துங்க." ஆயிரத்து நூறில் அறுந்தது. அவர் கம்பியைச் சுருட்டி மூலையில் எறிந்து, "இது ஒரு வேலையா? எவனாவது செய்வானா?" என்று கத்தினார். "ஒருத்தி செஞ்சா" என்றார் அண்ணி. நான் ஒயரைப் பற்றவைத்துவிட்டு ஓசையில்லாமல் இறங்கிவிட்டேன். தேநீர் வேண்டுமா என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்றேன்.

முழுச் சுருள் ஒன்று அறாமல் வர அவருக்கு மூன்று வாரம் ஆனது. மெழுகில் முக்கும்போது இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். அதைக் கிட்டாரில் மாட்டப் போனபோது நான் மேலே இருந்தேன். விரலில் கட்டோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினார். கடைசியில் இருக்கிற மெல்லிய தந்தியை இரண்டு தடவை. கண்ணை மூடிக்கொண்டு ஓசை தேய்ந்து அடங்கும்வரை இருந்தார். அது அடங்க நேரமானது.

"அடி எனக்குக் கேக்குது," என்றார் அவர். "நடுவும் கேக்குது. மேல... மேல என்ன இருக்கு?"

அண்ணி கண்ணைத் திறந்து, அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "அடுத்ததச் சுத்துங்க."